டைப்-சி கேபிளுக்கும் ஒரு நேம் பிளேட் வேண்டுமுங்க

இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறைக்கும் காங்கயத்திலிருந்து ஒரு செல்போன் கடைக்காரன் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கமுங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதாக ஒரு செல்போன் சர்வீஸ் கடை வைத்துப் பிழைக்கிறேன். போன மாதம் தோட்டத்துக்கார அய்யா ஒருவர் தலையில் மாட்டும் டார்ச் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியில் வருகிற நாட்களில் மோட்டார் போட்டு மடை திருப்பப் போகிறவர். பூச்சி பொட்டு நடமாடுகிற வரப்பு, வெளிச்சம் இல்லாமல் கால் வைக்க முடியாது.

"ஏந்தம்பி, வாங்கி ஒரு வாரங்கூட ஆகலீங்க. ராத்திரி பூரா சார்ஜ் போட்டேன், எரிய மாட்டேங்குது."

"எந்தச் சார்ஜர்ல போட்டீங்கய்யா?"

"பையனோட லேப்டாப்பு சார்ஜர்லதான். அதும் இதே சொருகுதானுங்களே!"

சொருகு அதேதான். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் இந்த மடலை அவருக்கு விளக்கம் சொல்லி எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

டார்ச்சைக் கழற்றிப் பார்த்தேன். டைப்-சி சாக்கெட் இருந்தது, அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதாவது கடுகு மாதிரி சின்ன மின்தடை, இரண்டையும் காணோம். பழைய அகல வாய் யுஎஸ்பி சார்ஜர் எந்நேரமும் 5 வோல்ட்டை வாசலில் வைத்துக்கொண்டு நிற்கும், எதைச் சொருகினாலும் கொடுத்துவிடும். கேபிளின் இருபுறமும் டைப்-சி உள்ள சார்ஜர் அப்படியில்லை. எதிர்முனையில் வாங்குகிற ஆள் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கும். அந்த ஆளுக்கு அடையாளம்தான் இந்த ரெசிஸ்டர். கேபிளை எப்படித் திருப்பிச் சொருகினாலும் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு. அது இல்லையென்றால் சார்ஜர் விடிய விடியச் சும்மாவே இருக்கும். பேப்பரில் ஒட்டி ரோலாக வரும் சரக்கு, ஒன்று சில பைசாதான் ஆகும். அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன், ஏறிவிட்டது. காசு வாங்க மனசு வரவில்லை.

விவரம் தெரிந்தவர்களே சறுக்கிய இடம் இது. 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4 சின்னக் கணினியில் இரண்டு ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றை வைத்து சாக்கெட்டின் இரண்டு அடையாள முள்ளுக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். முனைக்குள் அடையாளச் சிப் வைத்த நல்ல கேபிளில் போட்டால் ஏறவில்லை. ஊரெல்லாம் பேச்சான பிறகு போர்டைத் திருத்தினார்கள். டார்ச்சுக்கும் டிரிம்மருக்கும் கொசு பேட்டுக்கும் யார் பேசுவார்கள்?

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2023 ஜனவரியில் டைப்-சிக்கு ஐஎஸ்/ஐஈசி 62680-1-3:2022 என்று தரம் வெளியிட்டீர்கள். என் மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. நோக்கியா பெரிய பின், நோக்கியா சின்ன பின், நாங்கள் வி8 என்று சொல்லும் மைக்ரோ யுஎஸ்பி, ஆப்பிளின் பழைய 30 முள் பட்டை பின், 2012-ல் அதைத் தூக்கிவிட்டு வந்த லைட்னிங் எல்லாம் அதற்குள் பின்னிக் கிடக்கின்றன. அந்த லைட்னிங்கும் 2023-ல் ஐபோன் 15 வந்ததோடு டைப்-சிக்கு வழிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட், ஹெட்போனுக்கெல்லாம் டைப்-சியைக் கட்டாயமாக்கி, லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 என்று கெடு வைத்தது. நல்ல காரியம், அந்த டின்னைக் கிளறுகிற வேலை எனக்குக் குறைந்தது.

ஆனால் வேறொரு வேலை வந்திருக்கிறது. முன்பு பின் பொருந்தாவிட்டால் பார்த்ததுமே தெரியும். இப்போது எல்லாம் பொருந்துகிறது, வேலை செய்யுமா என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிகிறது.

கேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் 80 ரூபாயிலிருந்து 600 ரூபாய் வரை தொங்கவிட்டிருக்கிறேன். முனையைப் பார்த்தால் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அறுந்துபோன ஒன்றை பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே தலைமயிர் கனத்தில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான். டேட்டா கம்பியே கிடையாது. அதில் போட்டோவை லேப்டாப்புக்கு ஏற்றப் பார்த்தால் எந்தக் காலத்தில் ஏறும்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: டைப்-சி வந்த புதிதில் இப்படி ஒரு புகாரோடு வந்த கல்லூரிப் பிள்ளையின் போனுக்கு நான் சார்ஜிங் போர்டையே மாற்றிக் கொடுத்தேன். கோளாறு கேபிளில் இருந்தது. அடுத்த நாள் திரும்ப வந்தபோதுதான் எனக்கே உறைத்தது. 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

வாட் கணக்கும் அப்படித்தான். டைப்-சி கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமென்றால் முனைக்குள் அடையாளச் சிப் வேண்டும். சிப் இல்லாத கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும், சிப் வைத்தது 240 வாட் வரை போகலாம். கேபிள் மேலேயே 60, 240 என்று அச்சடிக்க யுஎஸ்பி தரத்தை வகுக்கும் அமைப்பு 2021-லேயே சின்னம் கொடுத்துவிட்டது. விருப்பம் இருந்தால் போடலாம் என்று விட்டதால், என் கடைக்கு வருகிற சரக்கில் அதைப் பார்ப்பதே அபூர்வம். "பாஸ்ட் சார்ஜிங்" என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். அது யாருடைய பாஸ்ட்? பல கம்பெனி போன்களின் முழு வேகம் அதே கம்பெனி அடாப்டரும் கேபிளும் சேர்ந்தால்தான் வரும், அடுத்த கம்பெனி அடாப்டரில் நொண்டியடிக்கும்.

போனில் ஹெட்போன் ஓட்டையை எடுத்த பிறகு, ஹெட்போனை டைப்-சியில் சொருக வந்த ஒட்டு இன்னொரு தலைவலி. சில போன் பாட்டை அப்படியே வெளியே விடும், அதற்கு வெறும் கம்பி ஒட்டு போதும். சில போனுக்கு, டிஜிட்டலாக வரும் பாட்டை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஏசி என்ற சிப் ஒட்டுக்குள் இருந்தாக வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்றுதான். பேசாமல் புளூடூத்துக்குப் போய்விடலாம் என்றால், ஒரு காதில் மாட்டுவதன் பேட்டரி படுத்தால் அதை மாற்ற வழியில்லாமல்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். வயர்லெஸ் சார்ஜரில் பின் தேயாது, அது ஒன்று லாபம். போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் கரண்டில் நல்ல பங்கு சூடாகப் போகும்.

நான் கேட்பது உங்களுக்குப் புதுசில்லை. கோயமுத்தூர் மோட்டாரைப் பாருங்கள். எங்கள் பக்கத்து விவசாயி கடைக்குப் போனதும் குனிந்து நேம் பிளேட்டைத்தான் படிப்பார். எத்தனை ஹெச்பி, எத்தனை ஆம்பியர், எத்தனை மீட்டர் ஹெட், எத்தனை லிட்டர், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா? பார்த்துவிட்டு, "இது நம்ம கிணத்துக்கு ஆகாதுங்க" என்று அவரே சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் உங்கள் முத்திரைக்குப் பங்கு உண்டு. திருப்பூர் பனியனில்கூட எத்தனை சென்டிமீட்டர் என்று கழுத்தில் இருக்கிறது.

அடாப்டருக்கும் பவர் பேங்குக்கும் பதிவு எண் கேட்கிறீர்கள். கேபிளையும் அந்தக் கணக்கில் சேருங்கள். எத்தனை வாட், டேட்டா போகுமா போகாதா, போனால் என்ன வேகம் என்பதைக் கேபிள் மேலேயே அழியாமல் அச்சிட வையுங்கள். அட்டையில் போட்டால் பிரித்த அன்றே குப்பைக்குப் போய்விடும். முடிந்தால் தமிழில். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளை "சார்ஜ் மட்டும்" என்று எழுதி விற்கட்டும், அதையும் வாங்க ஆள் இருக்கிறது. டைப்-சி ஓட்டை வைத்து விற்கிற பொருள் எதுவானாலும், 200 ரூபாய் டார்ச்சானாலும், டைப்-சி சார்ஜரில் ஏறுகிறதா என்று சோதித்த பிறகே கடைக்கு வரட்டும். ஏறாவிட்டால் அந்த ஓட்டையை வைக்க விடாதீர்கள்.

கோயமுத்தூரில் உங்கள் கிளை அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். பத்து கேபிளை எடுத்து அட்டை இல்லாமல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். எதில் டேட்டா வரும், எது 60 வாட் தாங்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டால் இளநீர் என் செலவு.

இப்படிக்கு,
ஒரு செல்போன் சர்வீஸ் கடைக்காரன்,
காங்கயம்