22ஆம் எண் டிராமில் விட்ட பை: பிராக் நகரத்துக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் பெயரை நான் கேட்கவே இல்லை. அன்றிருந்த பதற்றத்தில் அது தோன்றவில்லை. தோன்றியபோது நீங்கள் ஏறிய டிராம் வளைவில் திரும்பிவிட்டது. உங்களுக்குத் தமிழ் தெரியாது என்பதும் தெரியும். ஆனாலும் மனதில் இருப்பதை முழுதாகச் சொல்ல எனக்கு இந்த மொழிதான் வரும். அந்த இரண்டு நாளில் செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரில் எங்களுக்குக் கைகொடுத்த மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். தூத்துக்குடி அக்கா, கொலம்பியத் தோழி, வங்கதேசத் தோழன், நான். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் முதுகலை படிக்கிறோம். தேர்வுக்காலம் நெருங்குமுன் ஒரு சனி, ஞாயிறு எங்காவது போய்வரலாம் என்று மே மாதத்தில் கிளம்பினோம். அங்கிருந்து பிராக் ஏறத்தாழ இரண்டரை மணி நேர ரயில் பயணம்தான். எல்பே ஆற்றை ஒட்டியே தண்டவாளம் போகிறது. மணற்பாறைக் குன்றுகளும், மலைமேல் கோனிக்ஷ்டைன் கோட்டையும் தாண்டி எல்லையைக் கடந்தால் அதே ஆற்றுக்கு லாபே என்று பெயர் மாறிவிடுகிறது. ஜன்னல் பக்க இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்த தோழனுக்கு முதல் நன்றி.

நகரில் இறங்கியதுமே ஒரு தவறு செய்தோம். கண்ணில் பட்ட நாணய மாற்றுக் கடையில் 100 யூரோவைக் கொடுத்தோம். கைக்கு வந்தது செக் நாணயத்தில் 1,700 கொருனா சொச்சம். 2,400க்கு மேல் வந்திருக்க வேண்டும் என்பது பக்கத்து ரொட்டிக் கடை வரிசையில் நின்று கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது. எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் முன்னால் நின்ற ஓர் இளைஞர். "ரசீது இருக்கிறதா?" என்று கேட்டார். 2019 முதல் செக் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறதாம். 1,000 யூரோ வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திருப்பிக் கொடுத்தால், கடைக்காரர் நம் பணத்தைத் தந்தே ஆக வேண்டும். சொன்னதோடு நிற்கவில்லை, தன் வரிசையை விட்டுவிட்டு எங்களோடு வந்தார். கவுன்டரில் அவர் செக் மொழியில் நான்கு வார்த்தை பேசினார், எங்கள் 100 யூரோ அப்படியே திரும்பி வந்தது. தம்பி, அன்று உங்களுக்கு ரொட்டி கிடைத்ததோ இல்லையோ! மாணவர்களுக்கு 30 யூரோ என்பது ஒரு வாரச் சாப்பாடு. அதை மீட்டுக் கொடுத்தீர்கள்.

மதியம் அக்காவுக்குப் பூண்டு சூப் சொன்னோம். குறிப்பெடுக்க வந்த வயதான பரிமாறுபவர் அவரைப் பார்த்து, "இறைச்சி சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், அதில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கிறது என்று சொல்லி, பொரித்த சீஸும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்தார். கேட்காமலே விட்டிருக்கலாம். அக்கா இன்னும் அவரைப் பற்றிப் பேசுகிறார்.

சரி பாட்டி, இனி உங்கள் கதை.

மூன்று மணி வாக்கில் பிராக் கோட்டை நிறுத்தத்தில் 22ஆம் எண் டிராமிலிருந்து இறங்கினோம். கதவு மூடி வண்டி நகர்ந்த பிறகுதான் என் தோளில் பை இல்லை என்று தெரிந்தது. பாஸ்போர்ட், ஜெர்மனியின் குடியிருப்பு அட்டை, வங்கி அட்டை, அம்மா அனுப்பிய முறுக்கு, எல்லாம் அதில்தான். ஐரோப்பாவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு ஆவணங்களின் மதிப்பு தெரியும். போனால் போலீஸ் புகார், தூதரகம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு. அதற்கு நடுவே தேர்வு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அழுதுவிட்டேன்.

நிறுத்தத்தின் பெஞ்சில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் ஜெர்மன் பேசியது எங்கள் அதிர்ஷ்டம். முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாக, மெதுவாக" என்றீர்கள். அப்புறம் எந்தப் பெட்டி, எந்தக் கதவு, இருக்கையின் மேலா கீழா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். எழுந்து போய் நேரப் பலகையைப் பார்த்தீர்கள். அந்த வண்டி பிலா ஹோராவில் முடிகிறது, அங்கே சற்று நேரம் நின்றுதான் திரும்பும், அடுத்ததில் ஏறினால் பிடித்துவிடலாம் என்றீர்கள். நாங்கள் நன்றி சொல்லும் முன்பே நீங்களும் எங்களோடு ஏறிவிட்டீர்கள். உங்கள் வீடு எதிர்த்திசையில் இருக்கிறது என்பது கடைசியில்தான் தெரிந்தது.

வழி நெடுக என் கையை விடவில்லை நீங்கள். நான் வேறெதையாவது நினைக்கட்டும் என்றுதான், நாங்கள் போகும் இடத்தின் கதையைச் சொன்னீர்கள் என்று இப்போது புரிகிறது. பிலா ஹோரா என்றால் வெள்ளை மலை. 1620 நவம்பர் 8 அன்று அங்கே நடந்த போர் இரண்டு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியிலிருந்து செக் மக்கள் விடுபட 1918 வரை ஆனது. தோற்ற பக்கத்தின் தலைவர்கள் 27 பேரை மறு ஆண்டு பழைய நகரச் சதுக்கத்தில் கொன்றார்கள் என்றும், தரைக்கல்லில் அவர்களுக்காக 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள், அதைப் பார்க்காமல் ஊருக்குப் போகாதீர்கள் என்றும் சொன்னீர்கள்.

கடைசி நிறுத்தத்தில் முந்தைய வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் அய்யா, நீங்கள் கீழே இறங்கி நின்றிருந்தீர்கள், உங்கள் கையில் என் பை! யாரோ ஒரு பயணி எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். முகம் தெரியாத அந்தப் பயணிக்கும் என் வணக்கம். அட்டையில் இருந்த படத்தையும் என்னையும் பொறுப்பாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தீர்கள், அதற்கும் நன்றி. பணம் நீட்டியபோது வேண்டாமென்று தலையாட்டினீர்கள். முறுக்கை நீட்டினேன், ஒன்று எடுத்துக்கொண்டீர்கள். பாட்டி இரண்டு எடுத்துக்கொண்டார். நான் கற்றுவைத்திருந்த ஒரே செக் வார்த்தையான "தியெகுயி"யை எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. நன்றி என்று பொருள்.

கோட்டைக்குத் திரும்பியபோது புனித வீட்டஸ் பேராலயத்தை மூடிவிட்டார்கள். அதைப் பார்ப்பதற்காகவே இந்தப் பயணத்துக்கு ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தவள் என் கொலம்பியத் தோழி. 1344இல் தொடங்கி 1929இல்தான் அதைக் கட்டி முடித்தார்கள் என்று எங்களுக்குச் சொன்னவளும் அவள்தான். முகத்தில் ஒரு சுணக்கம்கூடக் காட்டாமல், "இவ்வளவு காலம் எடுத்துக் கட்டியது, நாம் இன்னொரு முறை வரும்வரை காத்திருக்கும்" என்றாள். தோழி, அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இருட்டிய பிறகு சதுக்கத்துக்குப் போனோம். 1410இல் செய்த வானியல் கடிகாரத்துக்கு முன்னால் பெருங்கூட்டம். மணி அடித்ததும் ஜன்னலில் அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக வந்து போகும், எல்லோரும் அண்ணாந்து காத்திருந்தார்கள். நாங்கள் நால்வரும் குனிந்து தரையைத் தேடினோம். சிலுவைகள் அங்கேதான் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்தேழு. பாட்டி, நீங்கள் சொல்லியிராவிட்டால் அவற்றின் மேல் மிதித்துக்கொண்டு நாங்களும் மேலே பார்த்திருப்போம்.

விடுதியில் இரவுப் பணியில் இருந்த பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. சார்லஸ் பாலத்துக்கு 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், 5 மணி 31 நிமிடத்துக்கு நான்காம் சார்லஸ் மன்னர் அடிக்கல் வைத்ததாக ஒரு கதை உண்டு என்று அவர்தான் தாளில் எழுதிக் காட்டினார். 1-3-5-7-9-7-5-3-1. எண்கள் ஏறி இறங்கும் நல்ல நேரமாம். நாள் நட்சத்திரம் பார்த்து அடிக்கல் வைக்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதே நேரத்துக்குப் போய் நிற்கச் சொல்லி, மறக்காமல் நாலே முக்காலுக்குக் கதவைத் தட்டி எழுப்பினார். வெயில் அப்போதுதான் சிலைகளின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. பகலில் நடக்க இடமில்லாத அந்தப் பாலத்தில் எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர்தான். யாரும் பேசவில்லை. அக்கா என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். முந்தின நாள் மாலையிலிருந்து அதை அவர் என்னிடம் கொடுக்கவே இல்லை.

ஞாயிறு மாலை திரும்பும் ரயிலில், பாட் ஷாண்டாவ் அருகே ஜெர்மன் போலீஸார் ஏறினார்கள். 2023 அக்டோபரில் செக் எல்லையில் ஜெர்மனி தொடங்கிய சோதனை இது. பாஸ்போர்ட்டையும் அட்டையையும் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, நல்ல பயணமாக அமையட்டும் என்று திருப்பிக் கொடுத்தார் அந்த அதிகாரி. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போது மறுபடி வந்தது. வங்கதேசத் தோழன் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் அன்றிரவே சொல்லிவிட்டேன். அடுத்த பார்சலில் முறுக்கு இரண்டு மடங்கு வருகிறது. செமஸ்டர் முடிந்ததும் நாங்கள் நால்வரும் மறுபடி வருகிறோம். பேராலயத்துக்கு முதலில், அப்புறம் அதே நிறுத்தத்துக்கு. நீங்கள் அங்கே இல்லாவிட்டால் 22ஆம் எண்ணில் ஏறி பிலா ஹோரா வரை போய், அங்கே நிற்கும் ஓட்டுநர்களிடம் இரண்டு டப்பா கொடுத்துவிட்டு வருவேன். ஒன்று உங்களுக்கு.

அன்புடனும் நன்றியுடனும்,
டிரெஸ்டனிலிருந்து, பையைத் தொலைத்த பெண்