மாலதிக்கு, ஜாக்சன் ஏரியைப் பற்றி

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுத இன்றைக்குத்தான் கை வந்தது. சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைக் கேட்டு இங்கே எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். அத்தை அன்றைக்கே சாமி விளக்கேற்றிவிட்டு வந்து, அவள் சின்ன வயதில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், கோடை முழுக்க அவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க மனமில்லை, ஒரு ஆர்வியை (கட்டில், சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போனால் அவருக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக ஒத்துவரும். ஆனால் நீ அனுப்பிய திட்டம், அதாவது ஒரே பயணத்தில் மூன்று தேசியப் பூங்கா, ராத்திரிக்கு ஒரு ஊர், அது மட்டும் வேண்டாம். ஆர்வி என்றாலே ஓட்டிக்கொண்டே இருக்கத்தான் என்று நினைக்கிறோம். எனக்கு அது நிற்கும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. வயதானவருக்குத் தினமும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரே இடத்தில், ஏரிக்கரையில், நடக்கிற பாதை வாசலிலேயே தொடங்குகிற மாதிரி பார்த்து நிறுத்து. அப்புறம் பார், அப்பா எப்படி இருக்கிறார் என்று.

நாங்கள் போன கோடையில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிராண்ட் டீட்டன் பூங்காவில், ஜாக்சன் ஏரியை ஒட்டிய கோல்ட்டர் பே என்ற இடத்தில் தங்கினோம். போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கிளம்பிய நாள்வரை வண்டியை நகர்த்தவே இல்லை. வெளியே போய்வர ஒரு சின்னக் கார் வைத்துக்கொண்டோம், நீயும் அப்படியே செய், ஏனென்றால் அந்தப் பூங்காவில் ஆர்வியை எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஜென்னி ஏரிக் கேம்ப்கிரவுண்டில் கூடாரத்துக்கு மட்டும்தான் அனுமதி. மூஸ்–வில்சன் சாலையில் ஆர்வி, டிரெய்லர் எதுவும் விடமாட்டார்கள். இடாஹோ பக்கமிருந்து வருவதாக இருந்தால் டீட்டன் கணவாய் வழியாக வராதே, அந்த இறக்கம் 10 சதவீதச் சரிவு. அவ்வளவு எடையுள்ள வண்டியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஆல்பைன் வழியாக ஸ்னேக் ஆற்றோரமாக வா, கொஞ்சம் சுற்றுதான், ஆனால் நிம்மதி.

அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அவர் காலையில் ஸ்வெட்டர் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஆர்வியின் படியில் என் கையைப் பிடித்து இறங்கி, கரையோரப் பாதையில் மெல்ல நடந்து ஒரு பெஞ்சு வரைக்கும் போவார். சுமார் 2 மைல் பாதை, பெரும்பாலும் சமதளம், முடிந்தவரை போய்த் திரும்பிவிடலாம். எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம் மோரன் மலை நிற்கிறது. அடிவாரக் குன்று என்று எதுவும் இல்லாமல் ஏரி மட்டத்திலிருந்து அப்படியே செங்குத்தாக எழும்பியிருக்கும். அதன் உச்சியிலிருந்து கீழே ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது, கோடு கிழித்த மாதிரி. அத்தை அதைத் தினமும் பார்த்துவிட்டு, அது என்ன, தண்ணீர் வழிந்த தடமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ரேஞ்சர் என்கிற பூங்காக் காவலர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். பழைய பாறையில் விழுந்த விரிசலுக்குள் கீழிருந்து உருகிய பாறைக்குழம்பு ஏறி உறைந்து போனதாம், அதுதான் அந்தப் பட்டை. அதைவிட எனக்கு ஆச்சரியம், உச்சியில் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற மணற்கல். ஒரு காலத்தில் கடலோர மணலாக இருந்தது அது. அதே மணற்கல் அடுக்கு நாங்கள் நின்ற பள்ளத்தாக்குக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. மலையடியில் ஓடும் பிளவில் ஒரு பக்கம் உயர, மறு பக்கம் தாழ, ஒரே தரை இப்படி இரண்டாகப் பிரிந்துவிட்டது. இதையெல்லாம் நான் மொழிபெயர்த்துச் சொல்ல, அத்தை கையெடுத்து அந்த மலையைக் கும்பிட்டார். உன் அப்பா பூகோளம் கற்றுக்கொடுத்தவர், அவருக்கு அங்கே ஒரு நாள் போதாது.

ஏரியும் முழுக்க இயற்கை இல்லை. பனியாறு தோண்டிய பழைய ஏரிதான், ஆனால் இடாஹோ விவசாயிகளின் பாசனத்துக்காக அணை கட்டி, நீர்மட்டத்தை 39 அடி கூடுதலாக உயர்த்தியிருக்கிறார்கள். அதனால் கோடை முடிய முடியத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும், வறண்ட வருடங்களில் செப்டம்பரில் கரை வெகுதூரம் உள்வாங்கிச் சேறும் கல்லும்தான் தெரியும். நீ ஜூலையிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ வந்தால் நல்லது.

நடை என்று பார்த்தால், அங்கிருந்தே ஹெரான் குளம், ஸ்வான் ஏரி இரண்டையும் சுற்றி வருகிற டிரெயில் தொடங்குகிறது, ஏறக்குறைய 3 மைல், பெரிய ஏற்றம் கிடையாது. குளம் முழுக்க அல்லி இலை மூடியிருக்கும், ஓரத்தில் பீவர்கள் (தண்ணீரில் வாழும் பெரிய எலி மாதிரி விலங்கு) குச்சியும் சேறும் வைத்துக் கட்டிய வீடு. காலை ஏழு மணிக்குள் போ, அப்போதுதான் பறவைகள் இருக்கும். குழந்தைகளுக்கு ஜென்னி ஏரி: படகில் அக்கரைக்குப் போய் ஹிட்டன் அருவி, அதற்கு மேலே இன்ஸ்பிரேஷன் பாயிண்ட். அங்கே கார் நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும்.

கரடி பயமா என்று கேட்டிருந்தாய். பயப்பட வேண்டாம், ஆனால் விதியை அப்படியே கேட்டு நட. எந்த டிரெயிலுக்குப் போனாலும் பேர் ஸ்பிரே, அதாவது கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே, இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் போட்டு வைத்தால் பிரயோஜனமில்லை. பேசிக்கொண்டே நட, தனியாகப் போகாதே. கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் 100 கெஜம், மற்ற விலங்குகளிடமிருந்து 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும். சமைத்த பாத்திரம், குப்பை, நாய்க்கு வைத்த தட்டு, எதையும் வெளியே விடக் கூடாது, எல்லாம் வண்டிக்குள். மனிதர் சாப்பாட்டின் ருசி கண்ட கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வருகிறது, நம் சோம்பலுக்கு அது சாவதா? அந்தப் பூங்காவில் 399 என்ற எண்ணால் அறியப்பட்ட ஒரு தாய்க் கரடி இருந்தது, 2020இல் நான்கு குட்டிகளோடு வெளியே வந்தபோது ஊரே திரண்டு பார்த்தது. 2024 அக்டோபரில், 28 வயதில், ஜாக்சன் ஊருக்குத் தெற்கே ஒரு கார் மோதி இறந்துபோனது. அத்தை அதைக் கேட்டுக் கண்கலங்கிவிட்டார். பூங்காவின் பெரிய சாலையிலேயே இரவில் வேக வரம்பு 45 மைல்தான். அதற்கும் கீழேயே ஓட்டு.

இனி வண்டி சமாச்சாரம். முழு ஹூக்கப் உள்ள இடமாகவே பதிவு செய், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் உன் இடத்திலேயே. அப்பா ராத்திரியில் நாலு தடவை எழுந்திருப்பார், டேங்க் நிரம்புமோ என்று அவர் தயங்கக் கூடாது. கழிவறை டேங்கின் வால்வைத் திறந்தே போட்டு வைக்காதே, தண்ணீர் ஓடிவிடும், மற்றது உள்ளே காய்ந்து கட்டியாகிவிடும். ஓரளவு நிரம்பியதும் முதலில் கழிவறை டேங்க், அதன்பின் பாத்திரம் கழுவிய தண்ணீர் டேங்க், அப்போது இரண்டாவது தண்ணீரே குழாயையும் அலசிவிடும். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட்தான், ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழும். ஏசி அங்கே தேவைப்படாது, ஜூலையிலும் விடியற்காலையில் உறைகிற குளிர் வரலாம், ஹீட்டர் வேலை செய்கிறதா என்று வண்டியை எடுக்கும்போதே போட்டுப் பார்த்துவிடு. வண்டியைச் சமமாக நிறுத்த வேண்டும், கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வயதானவருக்கு நடக்கத் தடுமாறும். சமையலுக்குக் குக்கர் எடுத்துக்கொள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது.

ஒன்று மட்டும் முதலில் செய். ஏரி மட்டமே கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, மருத்துவரிடம் கேட்காமல் பதிவு செய்யாதே. அவர் சரி என்றால், முதல் இரண்டு நாள் அப்பாவை எங்கும் நடக்கவிடாமல் கரையிலேயே உட்கார வை, தண்ணீர் நிறையக் கொடு. அவர் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் நடந்துவிட்டு வரலாம், திரும்பி வந்தால் பத்தடியில் அவருடைய கட்டில், மாத்திரை, காபி. ஓட்டலிலோ கூடாரத்திலோ இது கிடைக்காது, அதனால்தான் ஆர்வியைச் சொல்கிறேன்.

கோடைக்கான இடங்கள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், அதனால் தேதியைச் சீக்கிரம் முடிவு செய்து எனக்கும் சொல். அத்தை உன் அப்பாவோடு வருகிறேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார், பக்கத்துப் பக்கத்து இடமாகக் கிடைக்கிறதா பார்க்கலாம். சக்கரத்துக்கு அடியில் வைக்கிற பிளாக்குகளும் குடிதண்ணீர்க் குழாயும் எங்களிடம் இருக்கின்றன, நீ வாங்க வேண்டாம்.

அன்புடன்,
கீதா