பல்பை மாற்றித் தந்த அண்ணனுக்கு நன்றி

நேற்று மாலை, நான் உள் அலங்கார வேலை முடித்த வீட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். மூன்று வாரம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சந்தன நிறச் சுவர், விளக்கைப் போட்டதும் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தது. காலையில் வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். திரும்பப் பெயின்ட் அடிக்க நேரமே இல்லை.

பக்கத்து வீட்டில் வயரிங் வேலை முடித்துவிட்டுப் போன அண்ணன் ஒருவர் வாசலில் நின்றார். "சுவர்ல குறை இல்லம்மா, பல்பைப் பாருங்க" என்றார். பார்த்தால் 6500 கெல்வின்! பல்பு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் அது; கூடக் கூட நீலம் ஏறும், குறைந்தால் மஞ்சள். நான் எழுதிக் கொடுத்திருந்தது 3000. அவ்வளவு நீலம் கலந்த வெளிச்சத்தில் இளமஞ்சள் வெளிறித்தான் போகும். தன் பையிலிருந்து ஒரு 3000 பல்பை எடுத்து மாட்டினார். சுவருக்கு உயிர் வந்துவிட்டது. நான் பர்ஸை எடுத்துத் திரும்புவதற்குள் லிஃப்ட் கீழே போய்விட்டது.

அப்புறம், பெயின்ட் ஓரம் தாண்டாமல் இருக்க ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பை நிதானமாக உரித்தேன். நூல் பிடித்த மாதிரி நேரான கோடு. இந்தத் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்த நிமிடம் அதுதான். நேற்று அதை நிம்மதியாக அனுபவித்தேன்.

அண்ணா, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மனசார நன்றி. இன்று காலை அந்த வீட்டம்மா சுவரில் கை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார்.