சத்தம் வேறு, இழுவை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

காருக்கு எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் குழாய்) மாற்றினால் பவர் கூடும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோவையில் இருபது வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். கட்டுரை சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

போன மாதம் ஒரு தம்பி 1.2 லிட்டர் பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். "அண்ணா, சவுண்டு நல்லா இருக்கு. ஆனா குன்னூர் மலை ஏறறப்ப பர்லியாறு தாண்டினா செகண்ட் கியர்லயே திணறுது" என்றார். தூக்கிப் பார்த்தேன். இரண்டரை அங்குலக் குழாய், அந்தச் சின்ன என்ஜினுக்கு ரொம்ப அகலம். பின்பக்கம் வளைகிற இடத்தில் அது நசுங்கி, பாதி வழி அடைபட்டிருந்தது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டு வைத்திருந்தார்கள். டாஷ்போர்டில், என்ஜினில் கோளாறு என்றால் எரியும் செக் என்ஜின் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு. கடையிலேயே ஒட்டிக் கொடுத்தார்களாம். எனக்கு வயிறு எரிந்தது.

குழாய் பெரிதாக இருந்தால் புகை தாராளமாகப் போகும் என்று நினைக்கிறார்கள். புகை ஒரே சீராக வருவதில்லை, விட்டு விட்டுத்தான் வரும். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்தோடும் புகை தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுப் போகும். அந்த இழுப்பில்தான் அடுத்த சிலிண்டர் சுத்தமாகக் காலியாகும். அதற்குப் புகை வேகமாகப் போக வேண்டும், குழாய் அளவுக்கு மீறி அகலமானால் அந்த வேகம் குறைந்துவிடும். ஊதாங்குழல் குடத்து வாய் அகலத்துக்கு இருந்தால் அடுப்பு பற்றுமா? செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயப் பாதையில் என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்குக் குறையாமல் ஓடும் வண்டிக்கு அகலக் குழாய் சரி. அவிநாசி ரோடு நெரிசலில் 2,000 சுற்றில் நகரும் வண்டிக்கு இழுவைதான் போகும். டர்போ, அதாவது புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, உள்ள வண்டிக் கதை வேறு. அதில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குப் பின்னால் தடை குறையக் குறைய நல்லது, ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ட்யூனிங்கும் சேர்ந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். டர்போ இல்லாத சின்ன என்ஜினில் கிடைப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைத்திறன்தான்.

கன்வெர்ட்டர் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. கழற்றிய பழைய பொருளுக்குப் பழைய சாமான் சந்தையில் நல்ல விலை. அந்தத் தம்பி காசையும் கொடுத்து அதையும் கடையிலேயே விட்டு வந்திருக்கிறார். அது இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அப்படியே வெளியே வரும், பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு வருகிறவர் அதைத்தான் சுவாசிப்பார். சட்டமும் சும்மா விடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, புகை, ஒலி விதிகளை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆசை இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். முதலில் ஏர் ஃபில்டரையும், இணைப்புகளை அடைக்கும் கேஸ்கெட்டில் கசிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம் நல்ல 4-2-1 ஹெடர் (சிலிண்டர்களிலிருந்து வரும் நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேர்வது), விட்டம் குறையாமல் வளைத்த மேண்ட்ரல் குழாய் போடுங்கள். கன்வெர்ட்டரில் கை வைக்காதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் டைனோ (என்ஜின் திறனை அளக்கும் கருவி) சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் 2,000 சுற்றில் டார்க், அதாவது இழுவிசை, எவ்வளவு என்று பாருங்கள்.

தம்பியின் காருக்குப் புது கன்வெர்ட்டரும் கம்பெனி அளவுக் குழாயும் போட்டோம். டேப்பை அவரே உரித்தார், விளக்கு அணைந்திருந்தது. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கன்வெர்ட்டரைப் பற்றியும் நாலு வரி சேர்த்து எழுதுங்கள், ஐயா.

– ஒரு மெக்கானிக், கணபதி, கோவை