500 ரேண்ட் ரசீதும் உங்கள் படிவத்தின் ஒரு கேள்வியும்

சட்டப்புல மாணவர் சேர்க்கைக் குழுவினருக்கு,

வணக்கம். நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்காரன். உங்கள் இரண்டாம் ஆண்டு மாணவன். "நீங்கள் எப்போதாவது குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா?" என்று சேர்க்கைப் படிவம் கேட்ட இடத்தில் "இல்லை" என்று எழுதியவன். சென்ற மாதம் நானே மடல் போட்டு அதை "உண்டு" என்று திருத்தியவனும் நான்தான். அதற்காக விசாரணைக்கு அழைத்திருக்கிறீர்கள். வருகிறேன். அங்கே பேச எனக்குப் பத்து நிமிடம்தான் தருவீர்கள் என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

2019 டிசம்பர், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. பள்ளி முடித்திருந்த நேரம். பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவது) வாங்கக் கடை வாசலில் வரிசையில் நின்றோம். ஒருவன் இடையில் நுழைந்தான், நான் தள்ளினேன், அவன் விழுந்தான். தப்பு என்னுடையதுதான். காவல் நிலையத்தில், "கையெழுத்துப் போட்டு 500 ரேண்ட் கட்டினால் இப்போதே வீடு. வழக்கு நடத்துவதென்றால் திங்கள்கிழமைதான்" என்றார்கள். பெட்ரோலுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து அப்பா கட்டினார். ரேகை எடுத்த மை என் நகக்கண்ணில் தங்கிவிட்டது. ஆயா எலுமிச்சை மூடியால் தேய்த்துக்கொண்டே, "காசு போனால் போகட்டும், பீடை தொலைந்தது" என்றார். வீடே அதை நம்பியது. நீதிமன்றப் படியை நான் மிதிக்கவில்லை. எந்த நீதிபதியின் முகத்தையும் பார்க்கவில்லை.

கல்லூரி விடுமுறையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கக் காவல்துறைச் சான்றிதழ் வாங்கப் போனபோதுதான் பீடை தொலையவில்லை என்று தெரிந்தது. நம் தென்னாப்பிரிக்காவின் 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 57ஆம் பிரிவு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர், குற்றவாளி என நீதிமன்றத்தாலேயே தீர்ப்பும் தண்டனையும் வழங்கப்பட்டவராகக் கருதப்படுவார். பதிவை நீக்கக் கேட்பதற்குத் தீர்ப்பிலிருந்து 10 ஆண்டுகள் கழிய வேண்டும். அதற்குள் நான் பட்டம் வாங்கிவிடுவேன்.

வழக்கறிஞரான மாமா, "ஓணானை எடுத்து ஏன் மடியில் விட்டுக்கொள்கிறாய்? யார் கேட்டார்கள்?" என்றார். ஆனால் 2014ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டப்படி, தொழிலில் நுழைபவர் தகுதியும் நேர்மையும் உடையவர் என்று உயர் நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். அன்றைக்கு அவர்கள் கேட்பார்களே!

வகுப்பில் நீங்கள்தான் மண்டேலா வழக்கைச் சொல்லிக்கொடுத்தீர்கள். நிறவெறிச் சட்டங்களை மீறிய இயக்கத்துக்காக 1952இல் தண்டனை பெற்ற நெல்சன் மண்டேலாவின் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி டிரான்ஸ்வால் சட்டச் சங்கம் நீதிமன்றம் போனது. 1954இல் நீதிமன்றம் மறுத்தது. அவர் செய்ததில் நேர்மைக்கு இழுக்கான எதுவும் இல்லை என்று கண்டது. என் வரிசைச் சண்டையை அதன் பக்கத்தில் வைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் கொள்கைக்காகப் போனார், நான் பசியில் தள்ளினேன். என்றாலும் அந்த அளவுகோல் எனக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். உங்கள் விசாரணைக் கடிதத்தில் தள்ளியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குற்றச்சாட்டு "பொய்த் தகவல்" என்பதுதான்.

பொய் என்றால் தெரிந்து சொல்வது. உங்கள் கேள்வியைப் படித்த எந்தச் சாட்ஸ்வொர்த் பையனும் கூண்டையும் நீதிபதியையும்தான் நினைப்பான். "நீதிமன்றம் போகாமல் காவல் நிலையத்தில் கட்டிய அபராதமும் இதில் அடங்கும்" என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு தானாக வந்து சொல்பவரையும், மறைத்துப் பிடிபட்டவரையும் ஒரே விதியில் விசாரிக்காதீர்கள். இப்போது இருவருக்கும் ஒரே தாளில்தான் அழைப்பு அனுப்புகிறீர்கள். இதைப் பார்க்கிற அடுத்த மாணவன் என் மாமா சொன்னதைத்தான் கேட்பான்.

அசல் ரசீதைக் கொண்டுவருகிறேன். அப்பா அதை மின்கட்டண ரசீதுகளோடு சேர்த்து வைத்திருந்தார். ஓரத்தில் குழம்புக் கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன்