சாட்சி இடத்தில் என் கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சில வருடங்களுக்கு முன், காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில், கீழேயிருந்து ஒரு மருத்துவக் குழு எங்கள் பள்ளிக்கு வந்து ரத்தம் எடுத்தது. இலவச முகாம் என்று நினைத்து, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் அந்தக் குழுவில் ஒருவர் இருபதுக்கும் மேற்பட்ட படிவங்களை என் மேசையில் வைத்தார். எல்லாவற்றிலும் கைநாட்டு. "சார், சாட்சி இடத்துல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். போட்டேன். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு பாட்டி வழிமறித்துக் கேட்டார்: "வாத்தியாரே, என் ரத்தத்துல என்ன இருக்குன்னு சொன்னாங்களா? மாத்திரை எப்ப வரும்?" அப்புறம் விசாரித்தபோதுதான் அது ஆராய்ச்சிக்கு எடுத்த ரத்தம், மாத்திரை எதுவும் வராது என்று எனக்கே தெரிந்தது. "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்ததை யாரும் சொல்லவில்லை. படிவத்தின் நகலும் அவர் கையில் இல்லை.

படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கினால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி, விளக்கம் சொல்லி முடிக்கும்வரை கூடவே இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. நான் அந்த இடத்திலேயே இல்லை.

2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய் தடுப்பூசி ஆய்வுக்காகப் பழங்குடி மாணவிகள் பலருக்கு விடுதி வார்டன்களே ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளில் சிலர் இறந்திருந்தார்கள்; அதற்குத் தடுப்பூசி காரணமில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. அந்த வார்டன்கள் செய்ததைத்தானே நானும் செய்தேன்?

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலைவாழ் மக்களின் நோய்களை ஆராய்ந்தால்தான் அவர்களுக்கு வைத்தியம் வரும். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் மருத்துவத் துறை சாராத சாதாரண மனிதராக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஒருவராவது மலையேறி வந்து, படிவத்தை எப்படிப் படித்துக் காட்டுகிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்க்கக் கூடாதா? முடிவு தெரியவருமா, வராதா என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நகலும் கூப்பிட ஒரு போன் நம்பரும் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும்.

மலையில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாட்சிக் கையெழுத்துக் கேட்டு வந்தால், "விளக்கம் சொல்லும்போது கூப்பிடுங்கள், வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்