கோபத்த அடக்க பெரியவங்களும் பழகலாம்

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

கோரிப்பாளையம் சிக்னல்ல சாயங்காலம் நின்னு பார்த்தா தெரியும், ஒரு ஹாரன் சத்தத்துக்கு வண்டிய விட்டு இறங்கி சட்டையப் பிடிக்கிற அளவுக்குப் போயிடுறாங்க, அதே கோபம் வீட்டுக்குப் போயி பிள்ளைக மேலயும் பொண்டாட்டி மேலயும் விழுகுது. கேட்டா "நான் பொறந்ததுல இருந்தே இப்படித்தான், எங்கப்பா மாதிரி"ங்குறாங்க. இத நான் ஒத்துக்கவே மாட்டேன். நாப்பது வயசுக்கு மேலயும் பழகிக்கலாம், மனநல டாக்டருங்க இதுக்குன்னே பயிற்சி குடுக்குறாங்க.

கோபம் வந்தா உடம்புல அட்ரினலின்ங்குற ஹார்மோன் ஏறி நெஞ்சு படபடன்னு அடிக்கும், பிரஷர் கூடும், தாடை இறுகும், அந்த அறிகுறிய முதல்லயே கண்டுபிடிக்கிறதுதான் பாதி வேலை. உடனே "இப்ப வேணாம், கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசுவோம்"னு சொல்லிட்டு இடத்த விட்டு நகரணும் (சொல்லாம போனா எதிராளிக்கு இன்னும் ஏறும்), மூச்ச இழுக்கறத விட வெளிய விடுறத மெதுவா விடணும். சாமானப் போட்டு உடைச்சா தணியும்னு நெனைக்கிறது தப்பு, அது கோபத்த வளக்கத்தான் செய்யும். தூக்கமில்லாமையும் குடியும் சேந்தா சொல்லவே வேணாம்.

பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. 2022ல ஆரம்பிச்ச டெலி மானஸ்ங்குற அரசாங்க மனநல உதவி போன், 14416 நம்பருக்கு எந்நேரமும் காசில்லாம தமிழ்லயே பேசலாம். ஆனா கோபத்துக்கெல்லாமா டாக்டர்னு ஆம்பளைங்க கூச்சப்படுறாங்க. அந்த நம்பர மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல பெரிய எழுத்துல எழுதிப் போடச் சொல்லி மாநகராட்சிய உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செல்லூர், மதுரை